அமானிதமாக வந்த பிள்ளைகள்

(நமது ஜமாஅத்தின் பொறுப்பில் இயங்கும் மாணவர் விடுதியின் ஊழியர்கள், உஸ்தாதுமார்கள், நிர்வாகக் குழுவினர் ஆகியோருக்கான கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை. ஜமாஅத்தார் அனைவரும் படித்தறிய வேண்டுமென்ற நோக்கில் இங்கே வெளியிடப்படுகிறது.)



கண்ணியத்திற்குரிய முத்தவல்லி அவர்களே, நிர்வாகக் குழுப் பெருமக்களே, என்னுடன் பணியாற்றும் உஸ்தாதுமார்களே, விடுதிக் காப்பாளர் அவர்களே, சமையற்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து அமர்ந்திருக்கும் சகோதரர்களே, இரவுக் காவலர் பெரியவர் அவர்களே!

சமையற்காரரையும் காவலரையும் இந்தக் கூட்டத்துக்கு எதற்காக அழைக்க வேண்டும் என்று குழுவில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். கேட்டதில் தவறில்லை. ஆனால் ஒரு பிள்ளை இரவில் அழுதால் அந்த அழுகை முதலில் யார் காதில் விழுகிறது? முத்தவல்லியின் காதிலா? என் காதிலா? காவலர் காதில் விழுகிறது. ஒரு பிள்ளை மூன்று நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை முதலில் அறிபவர் தட்டைக் கழுவ வாங்குகிறவர். ஆகவே இன்றைய பேச்சு முதலில் அவர்களுக்கு உரியது, பின்னர்தான் நமக்கு.

நமது விடுதியில் இப்போது நாற்பத்திரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் பதினேழு பேர் தந்தையை இழந்த எத்தீம்கள். மற்றவர்களில் பலருக்குத் தந்தை இருந்தும் கடல் கடந்த ஊரில் இருக்கிறார், அல்லது இருக்கிறாரா என்றே தெரியாத நிலையில் இருக்கிறார். எத்தீம்களைப் பற்றித் திருமறை எத்தனை இடங்களில் பேசுகிறது என்பதை நீங்கள் எல்லோரும் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களுடைய சொத்தைத் தின்பவர் தம் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார் என்ற எச்சரிக்கை நான்காம் அத்தியாயத்தில் உள்ளது. தொழுகையாளிகளையே கண்டிக்கின்ற 107-ஆம் அத்தியாயமும் எத்தீமை விரட்டுபவனில்தான் தொடங்குகிறது. பிறக்கும் முன்பே தந்தையையும், ஆறு வயதில் தாயையும், எட்டு வயதில் பாட்டனாரையும் இழந்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். எத்தீமை நசுக்காதீர் என்ற கட்டளை 93-ஆம் அத்தியாயத்தில் முதலில் அவர்களை நோக்கித்தான் வந்தது. எத்தீமாக வளர்ந்த, எவரையும் நசுக்காத ஒருவருக்கே அந்தக் கட்டளை தேவைப்பட்டது என்றால், நமக்கு?

எத்தீமைப் பொறுப்பேற்பவர் சுவனத்தில் நபியவர்களுக்கு இரு விரல்கள் போல் அருகில் இருப்பார் என்ற நபிமொழியை நாம் ஒவ்வொரு ரமளானிலும் ரசீதுப் புத்தகத்தின் அட்டையில் அச்சிடுகிறோம். அட்டையில் அச்சிடுவது எளிது. பொறுப்பேற்பது என்றால் சோறும் துணியும் கொடுப்பது என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். அதைக் குறித்துத்தான் பேச வேண்டும்.

சகோதரர்களே, மேடையில் நின்று உங்களுக்கு நஸீஹத் செய்யும் தகுதி எனக்கு இருப்பதாக எண்ணி நான் பேச வரவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் ஸனது வாங்கிய புதிதில், வேறொரு மாவட்டத்தில் ஒரு மதரஸாவில் சிறிய உஸ்தாதாக இருந்தேன். அந்த மதரஸாவின் பெயரோ ஊரோ இங்கே வேண்டாம். ஹிஃப்ளு வகுப்பில் பதினொரு வயதுப் பிள்ளை ஒருவன் இருந்தான். தந்தை இல்லை. தாயார் பீடி சுற்றி இரு பிள்ளைகளைக் காப்பாற்றி வந்தார். ஒன்பது ஜுஸ்உ மனனம் செய்திருந்த அந்தப் பிள்ளை திடீரென மறக்கத் தொடங்கினான். நேற்று ஒப்புவித்த பாடம் இன்று இல்லை. இரவில் எல்லோரும் படுக்கும் கூடத்தை விட்டுவிட்டு என் அறை வாசற்படியில் பாயைக் கொண்டுவந்து போட்டான். “ஹஜ்ரத், நான் இங்கேயே படுத்துக்கட்டுமா?” என்று கேட்டான். கொசு கடிக்கும், உள்ளே போ என்றேன். மறுநாளும் வந்தான்.

ஒருநாள் என்னிடம், மூத்த உஸ்தாது ஒருவருடைய பெயரைச் சொல்லி, அவருக்குக் கால் அமுக்க இனிமேல் போகமாட்டேன் என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை. உஸ்தாதுக்குக் கித்மத் செய்தால்தான் இல்மில் பரக்கத் உண்டாகும் என்று எனக்கு யார் யாரோ சொன்னதை அவனுக்குச் சொன்னேன். சொன்னதோடு நிற்கவில்லை. கையைப் பிடித்து அழைத்துச் சென்று அந்த அறையின் வாசலில் விட்டுவிட்டும் வந்தேன்.

ரமளான் விடுமுறைக்குப் போன பிள்ளை திரும்பி வரவில்லை. ‘ஓதல் ஏறாத பிள்ளை’ என்று பதிவேட்டில் பெயர் அடிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு பிள்ளை வாய்திறந்து சொன்ன பிறகுதான் அந்த அறைக்குள் நடந்தது என்ன என்பது நிர்வாகத்துக்குத் தெரிந்தது. நிர்வாகம் என்ன செய்தது? இரவோடு இரவாக அந்த மனிதருக்குக் கணக்கு முடித்து, நன்னடத்தைச் சான்றும் எழுதிக் கொடுத்து அனுப்பியது. அவர் வேறோர் ஊரில் வேறொரு பிள்ளைக் கூட்டத்துக்கு உஸ்தாதானார். மதரஸாவின் பெயர் காப்பாற்றப்பட்டது என்று எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். நானும் சொன்னேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு லாரிப் பட்டறையில் அந்தப் பிள்ளையைக் கண்டேன். பெரிய ஆளாகிவிட்டார். கை எண்ணெயைத் துடைத்துவிட்டு ஸலாம் சொல்லி, “ஹஜ்ரத் சுகமா?” என்றார். வேறொன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு அவருடைய தாயாரைச் சந்தித்தபோது, தன் பேரனை எந்த மக்தபுக்கும் அனுப்ப மகன் சம்மதிப்பதில்லை என்று வருத்தப்பட்டுச் சொன்னார்.

இதைச் சொல்ல எனக்கு இத்தனை காலம் பிடித்தது. காரணம் வெட்கம் மட்டுமல்ல. மார்க்கத்தின் பெயரால் எனக்கு ஒரு சாக்கு கிடைத்திருந்தது. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்பது ஸஹீஹான நபிமொழி. இமாம் முஸ்லிம் அவர்களின் தொகுப்பில் உள்ளது. அதை எடுத்து அந்த மனிதரின் மீது போர்த்தினோம். நமது நிறுவனங்கள் பலவற்றில் இன்றும் இதுவே நடக்கிறது என்பதால் இந்த இடத்தில் சற்று நின்று பேச விரும்புகிறேன்.

அந்த நபிமொழிக்கு விளக்கம் எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், மறைத்தல் யாருக்கு உரியது என்பதை வரையறுத்துச் சொல்லியிருக்கிறார்கள். தீங்கு செய்பவர் என்று அறியப்படாத ஒருவர் எப்போதோ தவறிவிட்டார், அது முடிந்துபோயிற்று என்றால் அதை மறைக்கலாம். தீங்கு விளைவிப்பதையே வழக்கமாகக் கொண்டவரை மறைக்கலாகாது, பொறுப்பிலுள்ளவர்களிடம் கொண்டுபோக வேண்டும். நடந்துகொண்டிருக்கும் பாவத்தையோ கண்டவர் தடுத்தாக வேண்டும். அதே இமாம் ரியாளுஸ் ஸாலிஹீன் நூலில், புறம் பேசுதல் கூடுமாகின்ற ஆறு நிலைகளைப் பட்டியலிடுகிறார்கள். அநீதி இழைக்கப்பட்டவர் முறையிடுவதும், தீங்கிலிருந்து மக்களை எச்சரிப்பதும் அவற்றில் உள்ளவை. ஹதீஸ் கலை அறிஞர்கள் அறிவிப்பாளர்களின் குறையைப் பெயர் சொல்லி எழுதிவைக்கவில்லையா? இவர் பொய்யர், இவர் நினைவாற்றல் குன்றியவர் என்று ஏடு ஏடாக எழுதினார்கள். அது புறம் என்று எவரும் சொல்லவில்லை. நபிமொழியின் தூய்மையைக் காக்க ஒரு மனிதரின் குறையைச் சொல்வது கடமை என்றால், அந்த நபியின் உம்மத்தில் பிறந்த ஒரு பிள்ளையின் உடலைக் காக்கச் சொல்வது எப்படிப் புறமாகும்?

உன் சகோதரன் அநீதி இழைப்பவனாக இருந்தாலும், இழைக்கப்பட்டவனாக இருந்தாலும் அவனுக்கு உதவு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அநீதி இழைப்பவனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் கேட்டார்கள். அவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விடை வந்தது. நாம் அந்த உஸ்தாதுக்குச் சான்று எழுதிக் கொடுத்தோமே, அது உதவியல்ல.

வேறொரு சாக்கும் உண்டு. ஒரு செய்தி வந்தால் விசாரித்துத் தெளிவு பெறுங்கள் என்று 49-ஆம் அத்தியாயம் சொல்கிறதே, நாமே விசாரித்துவிட்டுப் பிறகு வெளியே சொல்லலாமே என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தெரியும். ஆனால் அந்த விசாரணை எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஐந்து பெரியவர்கள் நாற்காலியில் அமர்ந்திருப்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவரும் அங்கேயே இருப்பார். பத்து வயதுப் பிள்ளையை நடுவில் நிறுத்தி, ‘உண்மையைச் சொல், அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான்’ என்பார்கள். பிள்ளை மௌனமாகிவிடும். பொய்ப் புகார் என்று தீர்ப்பாகிவிடும். விசாரிப்பது கடமைதான். ஆனால் அதற்குரிய பயிற்சியும் அதிகாரமும் உள்ளவர்கள் விசாரிக்க வேண்டும். உடம்பில் கட்டி என்றால் மருத்துவரிடம் போகிறோம், ஜமாஅத் கூட்டம் போட்டு அறுப்பதில்லை.

இந்த நாட்டுச் சட்டமும் நம்மிடம் இதையே கேட்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012-ஆம் ஆண்டில் வந்தது. போக்சோ என்று செய்தித்தாள்களில் படிக்கிறீர்கள். பதினெட்டு வயது நிரம்பாத எவரும் அதன்படி குழந்தை. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வேறுபாடு அதில் இல்லை. இப்படியொரு குற்றம் நடந்திருப்பது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் ஏற்பட்டாலும், காவல்துறையிடம் தெரிவிப்பது ஒவ்வொருவர் மீதும் கடமை என்று அதன் 19-ஆம் பிரிவு சொல்கிறது. தெரிவிக்காமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. தமக்குக் கீழே பணியாற்றுபவர் செய்த குற்றத்தை நிறுவனத்தின் பொறுப்பாளர் தெரிவிக்காவிட்டால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. முத்தவல்லி அவர்களும் செயலாளர் அவர்களும் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்ற பாதுகாப்பும் அதே பிரிவில் இருக்கிறது. ஆகவே, ‘நான் சொல்லி அது தவறாகிவிட்டால் என் கதி என்ன?’ என்று காவலர் பெரியவர் அஞ்ச வேண்டியதில்லை.

காவல் நிலையத்துக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போக வேண்டுமோ என்ற தயக்கமும் வேண்டாம். பிள்ளையின் வாக்குமூலத்தை அவன் இருக்கும் இடத்திலோ, அவன் விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்ய வேண்டும் என்றும், இரவில் எந்தப் பிள்ளையையும் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்றும் சட்டத்தில் இருக்கிறது. 1098 என்ற எண்ணை எவரும், பிள்ளைகளே கூட, கட்டணமின்றி அழைக்கலாம். அந்த எண் நமது விடுதியில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று நேற்று தேடிப் பார்த்தேன். அலுவலக அறையில், பீரோவுக்குப் பின்னால் இருந்தது. பிள்ளைகள் நுழையக் கூடாத அறை அது.

‘ஆண் பிள்ளைகள் தங்கும் இடம்தானே, இங்கே என்ன நடந்துவிடப் போகிறது’ என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. 2007-இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானோர் ஆண் பிள்ளைகள். அந்த அறிக்கையைப் படித்த நாளிலிருந்து எனக்கு என் அறை வாசற்படி நினைவுக்கு வராத நாள் குறைவு.

பிற சமூகத்தார் நடத்தும் இல்லங்களிலும், அரசு பணம் கொடுக்கும் இல்லங்களிலும் நடப்பதுதானே, நம்மை மட்டும் ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். நம்மை மட்டும் சொல்லவில்லை. பீகாரில் முஸஃப்பர்பூர் நகரில் அரசு உதவி பெற்ற சிறுமியர் இல்லத்தின் கொடுமைகளை 2018-இல் மும்பை டாடா சமூக அறிவியல் கழகத்தாரின் ஆய்வு வெளிக்கொணர்ந்தது. 2020-இல் 19 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. அவர்களில் அந்த இல்லத்தின் ஊழியர்கள் இருந்தார்கள். பிள்ளைகளைக் காப்பதற்கென்றே அமைக்கப்பட்ட குழந்தைகள் நலக் குழுவைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் பிள்ளைகள் சீரழிக்கப்படுவது பற்றி நாளேட்டில் வந்த கட்டுரையை வைத்துத் தொடங்கிய ஒரு வழக்கு உச்ச நீதிமன்றத்தில் பத்தாண்டுகள் நடந்தது. 2017 மே மாதம் அதில் தீர்ப்பளித்த நீதிமன்றம், நாட்டின் எல்லாக் குழந்தைகள் இல்லங்களையும் அவ்வாண்டு இறுதிக்குள் பதிவு செய்து முடிக்குமாறு அரசுகளுக்கு உத்தரவிட்டது. நாம் நடத்துவது மதரஸா விடுதி, இல்லம் அல்ல என்று சொல்லி நழுவ இயலாது. விடுதிகளுக்கும் இல்லங்களுக்கும் சேர்த்தே தமிழ்நாட்டில் 2014-இல் ஒழுங்குமுறைச் சட்டம் வந்துவிட்டது. மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். நமது விண்ணப்பத்தின் நிலை என்ன என்பதை ஜமாஅத்தாருக்குச் செயலாளர் அவர்கள் ஆண்டறிக்கையில் எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

அடிப்பதைப் பற்றியும் பேசியாக வேண்டும். இதைச் சொன்னால் உஸ்தாதுமார்களின் முகம் சற்று மாறும் என்று தெரியும். நானும் அடி வாங்கி ஓதியவன், அடித்து ஓதிக்கொடுத்தவன். பத்து வயதில் தொழாவிட்டால் அடியுங்கள் என்று ஹதீஸில் இருக்கிறதே என்கிறோம். அபூதாவூதில் உள்ள அந்த ஹதீஸ் ஏழு வயதில் தொழும்படி ஏவச் சொல்கிறது. ஏழுக்கும் பத்துக்கும் இடையே மூன்று ஆண்டுகள். நாளொன்றுக்கு ஐந்து வேளை என்று கணக்கிட்டால் ஐயாயிரத்துக்கும் அதிகமான தடவை கனிவாகச் சொல்லிவிட்ட ஒரு தந்தையைப் பற்றிய பேச்சு அது. காயம் உண்டாக்கக் கூடாது, முகத்தில் படக் கூடாது என்றெல்லாம் ஃபிக்ஹு அறிஞர்கள் அதற்கு வேலி கட்டியிருக்கிறார்கள். பாடம் மறந்ததற்காகப் பிரம்பை ஓங்குகிற எனக்கு அதில் இடமே இல்லை. நபியவர்கள் தம் கையால் எந்தப் பணியாளரையும் அடித்ததில்லை என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பத்தாண்டுகள் உடனிருந்து பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், தம்மை நோக்கி ஒரு ‘சீ’ என்ற சொல்கூட வந்ததில்லை என்கிறார்கள்.

அபூ மஸ்ஊத் (ரலி) அவர்கள் தம் பணிச் சிறுவனைச் சாட்டையால் அடித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கோபத்தில் அது யாருடைய குரல் என்று அவர்களுக்குப் புரியவில்லை. அருகில் வந்ததும்தான் நபியவர்கள் என்று தெரிந்தது. இந்தச் சிறுவன் மீது உமக்குள்ள ஆற்றலைவிட உம்மீது அல்லாஹ்வுக்குள்ள ஆற்றல் பெரியது என்று அவர்கள் சொன்னதும் சாட்டை கையிலிருந்து விழுந்தது. அந்தச் சிறுவனை அங்கேயே விடுதலை செய்தார்கள். கோபத்தில் நபியின் குரலே அடையாளம் தெரியாமல் போகும் என்றால், பிள்ளையின் அழுகுரல் எங்கே கேட்கும்? ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் இப்னு கல்தூன் தமது முகத்திமாவில், கடுமையால் வளர்க்கப்படும் பிள்ளை பொய்யையும் சூழ்ச்சியையும் கற்றுக்கொள்கிறான் என்று எழுதிவைத்தார். தண்டனைக்குப் பயந்து பொய் சொல்லக் கற்ற பிள்ளை, தனக்கு உண்மையில் தீங்கு நேரும்போதும் வாய்திறப்பதில்லை. அடியையும் முன்னே சொன்ன கொடுமையையும் நான் சேர்த்துப் பேசுவதன் காரணம் இதுதான்.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகள் இல்லத்தில் பிள்ளைகளைப் பிரம்பால் திருத்துவது தண்டனைக்குரிய குற்றம். பராமரிக்கும் நிறுவனத்தின் ஊழியரோ நிர்வாகியோ பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இனி நமது விடுதியின் அன்றாடத்துக்கு வருவோம். பிள்ளைகளைக் கொண்டு கால் அமுக்கச் செய்வதும், துணி துவைக்கச் செய்வதும் இன்றோடு நிற்க வேண்டும். எனக்கும் சேர்த்தே சொல்கிறேன். பெரியவரிடம் மரியாதை காட்ட வேறு வழிகள் ஆயிரம் உண்டு. கதவை அடைத்த அறையில் ஒரு பிள்ளையோடு ஓர் ஊழியர் தனியாக இருக்கக் கூடாது. பாடம் கேட்பதாயினும், காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதாயினும் கதவு திறந்திருக்கட்டும். பத்து வயதானால் படுக்கையைப் பிரித்துவிடுங்கள் என்பதும் முன்னே சொன்ன அதே ஹதீஸில்தான் உள்ளது. அடிக்கச் சொன்னதை மனனம் செய்த நாம் படுக்கையைப் பிரிக்கச் சொன்னதை மறந்து, நெருக்கிப் பாய் விரித்திருக்கிறோம். பதினேழு வயதுப் பிள்ளைக்கும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் ஒரே கூடம் கூடாது. மேல்மாடி அறையை அரிசி மூட்டைக்கு வைத்திருக்கிறோம், அதைக் காலி செய்தால் போதும். மூத்த பிள்ளைகளை ‘லீடர்’ ஆக்கிச் சிறியவர்களைத் தண்டிக்கும் அதிகாரம் கொடுப்பதும் வேண்டாம்.

இரவில் வெளிக்கதவைப் பூட்டிச் சாவியைக் காவலர் இடுப்பில் வைத்துக்கொள்கிறார். பிள்ளைகள் ஓடிவிடுவார்கள் என்பது காரணம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் எழுந்து ஓட வழியின்றி இறந்தார்கள். அவர்களை அங்கே கட்டிவைத்தவர்களும் பாதுகாப்புக்காகத்தான் கட்டினோம் என்றார்கள். உள்ளிருந்து திறக்கக்கூடிய தாழ்ப்பாள் வேண்டும். பிள்ளை ஓடிவிடுவான் என்ற பயம் இருந்தால், ஏன் ஓடுகிறான் என்று கேட்க வேண்டும். ஓடிப்போய்ப் பிடிபட்ட பிள்ளையிடம் இதுவரை நாம் எவரும் அதைக் கேட்டதில்லை. எங்கே ஓடினாய் என்று மட்டும் கேட்டிருக்கிறோம்.

பிள்ளை ஏதேனும் சொல்ல வந்தால் நீங்கள் செய்ய வேண்டியதைச் சமையற்கட்டுச் சகோதரர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள், நீங்கள் சொல்லியாக வேண்டியிருக்கும். துருவித் துருவிக் கேட்காதீர்கள். அவன் சொன்னதை அவன் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர் நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு அன்றே எழுதுவித்துக்கொள்ளட்டும். அவன் மீது தவறில்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிறகு தெரிவியுங்கள். யார் மீது புகாரோ அவர் நானாக இருந்தாலும், என்னிடம் வராமல் நேராக 1098-க்கோ காவல் நிலையத்துக்கோ செல்லுங்கள். நான் முத்தவல்லியின் உறவினர் என்றோ, நன்றாகக் குத்பா ஓதுகிறேன் என்றோ தயங்க வேண்டாம். பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராகவேனும் நீதியில் நிலைத்து நிற்கச் சொல்லும் 4-ஆம் அத்தியாயத்தின் 135-ஆம் வசனத்தில் இமாமுக்கு விலக்கு எதுவும் இல்லை.

குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உரிமை உண்டு. அவரைப் பிள்ளைகளிடமிருந்து உடனே விலக்கி வைக்க வேண்டும். ஆனால் அடிப்பதோ, ஒலிபெருக்கியில் பெயர் சொல்வதோ, அவர் வீட்டாரை ஊர்விலக்கம் செய்வதோ கூடாது. பிள்ளையின் பெயரும் வெளியே வரக் கூடாது. வாட்ஸ்அப்பில் வந்துவிட்டால் அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க அதைச் சுமக்க வேண்டும்.

வாட்ஸ்அப் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இது சற்று வேறு விஷயம்தான். ரமளானில் நன்கொடையாளர் வந்தால் எத்தீம் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கையில் பொட்டலத்தைக் கொடுத்துப் படம் எடுக்கிறோம். சென்ற ஆண்டு ஒரு பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டான். ‘நிமிர்ந்து பார்டா’ என்று அவன் முகவாயைப் பிடித்துத் திருப்பினோம். பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் காட்டும் விதமாகப் படம் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுக்கு முரணானது. சட்டத்தை விடுங்கள். இடக்கை அறியாமல் வலக்கை கொடுப்பதைப் பாராட்டிய மார்க்கம் இது.

நிர்வாகக் குழுவினரிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. விடுதிக் காப்பாளர் இருபத்துநான்கு மணி நேரமும் ஒருவரே. அவர் ஊருக்குப் போனால் மாற்று ஆள் இல்லை. காவலர் பெரியவருக்கு நாம் கொடுக்கும் சம்பளத்தில் அவர் பகலில் வேறு வேலைக்குப் போகிறார், இரவில் கண்ணயர்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. மினாராவுக்கு விளக்கு அலங்காரம் செய்யச் சென்ற ஆண்டு நாம் செலவிட்ட தொகையில் இன்னொரு காப்பாளருக்கு ஓராண்டுச் சம்பளம் கொடுத்திருக்கலாம். புதிதாக ஓர் உஸ்தாதை நியமிக்கும்போது, முன்பு அவர் இருந்த இடத்துக்குப் போன் செய்து ஏன் அங்கிருந்து விலகினார் என்று கேட்கிறோமா? கிராஅத் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறோம். நம்மிடம் ஒருவரைப் பற்றி வேறு மதரஸாவிலிருந்து கேட்டால் உண்மையைச் சொல்கிறோமா என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி.

கூட்டம் முடிந்ததும் கூடத்தின் வாசலில், பிள்ளைகள் படுக்கும் இடத்துக்கு அருகே, ஒரு பெட்டி பொருத்தப்படும். பிள்ளைகள் எழுதிப் போடுவதற்கு. இத்தகைய பெட்டியை அலுவலகத்துக்கு அருகில் வைக்கக் கூடாது என்று அரசு விதியே சொல்கிறது. அதன் சாவி என்னிடமும் இருக்காது, காப்பாளரிடமும் இருக்காது. ஜமாஅத்தைச் சேர்ந்த, அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற சகோதரி ஒருவர் வாரந்தோறும் வந்து பிள்ளைகளின் முன்னிலையில் திறந்து பார்க்க இசைந்திருக்கிறார்கள். பெண் ஒருவர் ஆண்கள் விடுதிக்குள் வருவதா என்று எவருக்கேனும் ஆட்சேபம் இருந்தால் என்னிடம் சொல்லலாம், பதில் சொல்கிறேன். 1098 என்ற எண்ணைக் கூடத்துச் சுவரில் பெயிண்டால் எழுதப் பணியாளர் நாளை வருகிறார். பிள்ளைகளின் கண் உயரத்துக்கு எழுதும்படி சொல்லியிருக்கிறேன்.